தலையில் உதிர்வதும் முதுகில் வளர்வதும்

கேள்வி: எனக்கு வயது 28. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். மூன்று ஆண்டுகளாக நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. உச்சந்தலையிலும் தோல் தெரியத் தொடங்கிவிட்டது. கடந்த ஐப்பசியில் டெங்கு வந்து பிழைத்தேன். தை மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அப்பாவுக்கு வழுக்கை உண்டு, அம்மா வழியில் யாருக்கும் இல்லை. ஆனால் கழுத்திலும் தோளிலும் முதுகிலும் காடு போல முடி. இங்கே ஓர் அழகு நிலையத்தில் 8 சிட்டிங் லேசரில் கன்னம், கழுத்து, முதுகு முடியை நிரந்தரமாக எடுத்துவிடலாம் என்கிறார்கள். தலைமுடி வளர்வதற்கு லேசர் தொப்பியும் அங்கேயே விற்கிறார்கள். முடியை எரிக்கிற லேசர் எப்படி முடியை வளர்க்கும்? முதுகு முடியை எடுத்தால் தலைமுடி இன்னும் வேகமாகக் கொட்டும் என்று நண்பன் பயமுறுத்துகிறான். உப்புத் தண்ணீர், ஹெல்மெட், உடல் சூடு என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். வருகிற தையில் கல்யாணம். நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். கோட்டுக்கு அடியில் இருந்ததை என்னால் படிக்க முடிந்தது. அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கிடையாது. அந்தப் பழக்கத்துக்கும் முடி கொட்டுவதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. லேகியம் விற்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிளப்பிவிட்ட பயம் அது. என் அறைக்கு வரும் இளைஞர்களில் பாதிப்பேர் கிளம்பும்போது கதவுப்பிடியில் கை வைத்துக்கொண்டுதான் இதைக் கேட்பார்கள். நீங்கள் எழுதவாவது எழுதினீர்கள்.

உப்புத் தண்ணீரில் தொடர்ந்து குளித்தால் முடி நார் போலாகும், சிக்கு விழும், நடுவில் ஒடியும். வழுக்கை விழாது. விழுமென்றால் அதே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் தலைக்குக் குளிக்கும் உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் நெற்றி ஏறியிருக்க வேண்டும். ஹெல்மெட் பின்மண்டையிலும் அதே இறுக்கத்தோடுதான் உட்காருகிறது. அங்கே உங்களுக்கு முடி குறைந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உடல் சூட்டுக்கு எண்ணெய்க் குளியல் நல்லது, சுகமாகத் தூக்கம் வரும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் தலையில் இரண்டு வேறு சம்பவங்கள் நடந்திருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலாவது டெங்கு. தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு வளரும் பருவத்திலும், மீதி ஓய்வுப் பருவத்திலும் இருக்கும். ஓய்வெடுக்கும் முடி மூன்று மாதம் போலச் சும்மா நின்றுவிட்டு உதிரும். அதனால்தான் நாளுக்கு 50 முதல் 100 முடி வரை விழுவது இயல்பு. கடும் காய்ச்சல், டைபாய்டு, அறுவை சிகிச்சை, பட்டினி போட்டு எடை குறைத்தல் போன்ற அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும் பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். போன அன்று தெரியாது. ஐப்பசியில் போனவை தையில் விழும். நீங்கள் எழுதியிருக்கும் கணக்கு அப்படியே பொருந்துகிறது. கொரோனாவுக்குப் பிறகும் இதேபோல் ஒரு கூட்டம் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தது. இந்த வகை உதிர்வில் மயிர்க்கால் சாவதில்லை. ஆறு மாதத்தில் பெரும்பாலும் தானே நிற்கும், முடியும் திரும்ப முளைக்கும். இந்த இடைவெளியில் எந்த எண்ணெயைத் தேய்த்தாலும் பெயர் அந்த எண்ணெய்க்குப் போய்விடும். மூலிகை எண்ணெய் வியாபாரத்தில் பாதி இப்படித்தான் நடக்கிறது.

இரண்டாவதுதான் மூன்று ஆண்டுகளாக நடப்பது. அது டெங்குவால் வந்ததில்லை.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வெள்ளைத் துண்டை விரித்து அதன் மேல் குனிந்து தலை வாருங்கள். விழுந்த முடிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே தடிமனாக, நுனியில் வெள்ளைக் குமிழோடு இருந்தால் அது காய்ச்சல் உதிர்வு. நடுநடுவே குழந்தை முடி போல மெலிந்த, நிறம் மங்கிய, விரல் நீளம்கூட இல்லாத முடிகள் கிடந்தால், அவை வழுக்கையின் கையெழுத்து. நாங்கள் உருப்பெருக்கியை உச்சந்தலையில் வைத்துத் தேடுவதும் இதைத்தான். பின்மண்டையில் ஒரே துளையிலிருந்து மூன்று தடித்த முடிகள் புதர் போல எழுந்து நிற்கும். உச்சியிலோ அதே போன்ற துளையிலிருந்து ஒன்று தடிப்பாக, ஒன்று மெல்லியதாக, மூன்றாவது பஞ்சு இழை போல வரும். ஆண் வழுக்கையில் முடி திடீரென்று விழுந்து தீர்ந்துபோவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் மெலிதாக, இன்னும் குட்டையாக முளைத்து முளைத்துக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ரோமமாகிவிடுகிறது.

ஏன் அப்படி? அண்ணகர்களுக்கு, அதாவது விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு, வழுக்கை விழுவதில்லை என்பது பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸ் காலத்திலேயே தெரிந்திருந்தது. 1942இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறு அறிஞர் அதை ஆராய்ந்து எழுதினார். பருவம் அடையும் முன்பே விரை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஊசியாகப் போட்டால், குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு மட்டும் முடி கொட்டத் தொடங்கியது. ஊசியை நிறுத்தியதும் கொட்டுவது நின்றது. போன முடி திரும்பவில்லை. இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

டெஸ்டோஸ்டிரோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி இன்னும் வீரியமான டிஹெச்டி என்ற ஹார்மோனாக மாற்றுகிறது. முன்தலையிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள், பரம்பரையாக அதற்கு ஒவ்வாதவையாக இருந்தால், அதன் கீழ் சுருங்குகின்றன. அதே டிஹெச்டிதான் முகத்தில் தாடியையும், மார்பிலும் முதுகிலும் முடியையும் தடிக்க வைக்கிறது. உங்கள் நண்பர்கள் “தலையில் முளைக்க வேண்டியது முதுகில் முளைக்கிறது” என்று கேலி செய்திருப்பார்கள். பாதி சரி. ஒரே முதலாளி ஒரு மில்லை மூடிக்கொண்டே இன்னொரு மில்லில் கூடுதல் ஷிப்ட் போடுவது போன்றது இது. உங்களுக்கு ஹார்மோன் அதிகம் என்று அர்த்தமில்லை. இரத்தப் பரிசோதனை செய்தால் உங்களுக்கும், அடர்த்தியான முடி உள்ள உங்கள் நண்பனுக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான் வரும். வேறுபாடு மயிர்க்காலின் குணத்தில் இருக்கிறது.

அந்தக் குணம் எவ்வளவு உறுதியானது என்பதை 1959இல் நியூயார்க்கின் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் காட்டினார். பின்மண்டை முடியை வேரோடு எடுத்து வழுக்கை விழுந்த முன்தலையில் நட்டார். சுற்றியிருந்த முடிகள் கொட்டிப்போன இடத்திலும் அது செழித்து நின்றது. புகுந்த வீட்டுக்குப் போனாலும் பிறந்த வீட்டுக் குணத்தை விடாத முடி. இன்றைய முடி நடவு முழுவதும் இந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது.

அம்மா வழியில் வழுக்கை இல்லையே என்று கேட்கிறீர்கள். இந்த ஹார்மோனை ஏற்கும் வாங்கியின் மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது, ஆண்பிள்ளைக்கு அது தாயிடமிருந்துதான் வரும். “தாய்மாமனைப் பார்த்தால் உன் தலை தெரியும்” என்ற பேச்சுக்கு ஆதாரம் அதுதான். ஆனால் வழுக்கையோடு தொடர்புடைய வேறு பல மரபணுக்கள் மற்ற நிறமூர்த்தங்களில் இருக்கின்றன. அப்பாவிடமிருந்தும் தாராளமாக வரும்.

இனி நண்பன் கிளப்பிய பயம். முதுகு முடியை லேசரில் எடுத்தால் தலைமுடி கொட்டாது. ஹார்மோன் இரத்தத்தில் இருக்கிறது. முடி அதற்கு அடங்கி நடக்கும் பயிர். வயலில் களை பிடுங்கினால் வானத்து மழை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. லேசர் கதிர் தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். விரைக்கோ சிறுநீரகத்துக்கோ போய்ச் சேராது.

ஆனால் அந்த அழகு நிலையத்தின் 8 சிட்டிங் பேக்கேஜைப் பற்றி எனக்கு வேறு கவலைகள் உண்டு. அதற்கு லேசர் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிய வேண்டும்.

1983இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். சரியான நிறமுள்ள ஒளியைச் சரியான நேர அளவுக்குப் பாய்ச்சினால், தோலில் நாம் விரும்பும் பொருள் மட்டும் சூடேறும், பக்கத்தில் இருப்பது தப்பும் என்றார்கள். முடியில் அந்தப் பொருள் மெலனின் என்ற கறுப்பு நிறமி. முடித்தண்டு ஒளியை வாங்கிச் சூடாகிறது. அந்தச் சூடு பக்கத்தில் பரவி மயிர்க்காலின் முளைக்கும் செல்களைச் சுடுகிறது. நரைமுடியில் மெலனின் இல்லாததால் லேசருக்கு அங்கே வேலையே இல்லை. முடியைப் பிடுங்கிவிட்டுப் போனாலும் வேலை இல்லை. சூட்டை உள்ளே கொண்டுபோக விளக்குத் திரி வேண்டுமே. அதனால்தான் லேசருக்கு முன்பு நான்கு வாரமாவது வேக்சிங்கும் நூல் போடுவதும் கூடாது என்கிறோம். சவரம் செய்யலாம், செய்தே ஆக வேண்டும். வளரும் பருவத்தில் உள்ள முடிதான் சரியாகச் சிக்கும் என்பதால் ஒரே முறையில் முடியாது, பல சிட்டிங் தேவைப்படுகிறது.

எங்கள் அறையில் லேசர் ஓடும்போது ஒரு வாடை வரும். கோழியை நெருப்பில் வாட்டினால் வருமே, அதுதான். ரப்பர் பேண்டை இழுத்துச் சுண்டிவிட்டது போலச் சுரீர் என்று இருக்கும். ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் கொசுக்கடி போலச் சின்னப் புடைப்பு எழும். அளவு சரியாக விழுந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். தோல் முழுவதும் சாம்பல் நிறமாகவோ கொப்புளமாகவோ மாறினால், சூடு முடியை விட்டுத் தோலுக்குப் போய்விட்டது.

நம் ஊர்க்காரர்களுக்கு ஆபத்து இங்கேதான். மெலனின் முடியில் மட்டுமா இருக்கிறது? நம் தோலிலும் இருக்கிறது. வெள்ளைத் தோலுக்கு வைக்கும் அளவை நம் தோலுக்கு வைத்தால் தோலே ஒளியை விழுங்கி வெந்துபோகும். 755 நானோமீட்டர் அலெக்சாண்டிரைட் லேசர் வெளிர்நிறத் தோலுக்கு நல்லது. நமக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான் பாதுகாப்பு அதிகம். அந்த அலைநீளம் மேல்தோலின் நிறமியில் அதிகம் சிக்காமல் ஆழமாக இறங்கும். 810 நானோமீட்டர் டயோடு லேசரை, குளிரூட்டும் முனையோடும் அனுபவமுள்ள கையோடும் நம் தோலுக்குப் பயன்படுத்தலாம். பல அழகு நிலையங்களில் “லேசர்” என்று சொல்லப்படுவது லேசரே இல்லை. ஐபிஎல் என்ற பளிச்சிடும் விளக்கு. பல அலைநீளங்கள் கலந்த ஒளி அது. கறுத்த தோலில் அதைக் கூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதை மாதம் ஒரு முதுகிலாவது பார்க்கிறேன். கருவி முனையின் அச்சிலேயே, செவ்வகம் செவ்வகமாக, தபால் தலை ஒட்டியது போல வரிசையாக வெந்த தழும்புகள். அந்தக் கட்டங்கள் மங்குவதற்குப் பல மாதங்கள் ஆகும். சில மங்குவதே இல்லை.

“நிரந்தரமாக எடுத்துவிடலாம்” என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தக் கருவிகளுக்கு அனுமதித்திருக்கும் சொல் “நிரந்தரக் குறைப்பு”. முற்றாக நீங்கும் என்று எந்த நேர்மையான மருத்துவரும் எழுதிக் கொடுக்க மாட்டார். அதிலும் உங்கள் வயதில் முதுகு விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆண்களுக்கு முதுகிலும் தோளிலும் மெல்லிய ரோமங்கள் தடித்த முடியாக மாறுவது இருபதுகளோடு முடிவதில்லை. முப்பதுகளிலும் அதற்குப் பிறகும் தொடரும். இன்று இருக்கும் முடியைச் சுட்டாலும் நாளை புதிதாகத் தடிக்கப் போகும் ரோமங்கள் வரிசையில் நிற்கின்றன. ஆண்டுக்கு ஓரிரு முறை திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொண்டு செய்தால் எனக்கு மறுப்பில்லை. 8 சிட்டிங்கோடு தீர்ந்தது என்று நினைத்துப் பணம் கட்டாதீர்கள்.

கன்னத்தை விட்டுவிடுங்கள். இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். மெல்லிய முடி உள்ள இடத்தில் லேசர் போதுமான சூட்டைத் தருவதில்லை. அரைகுறைச் சூடு சிலருக்கு அந்த மயிர்க்கால்களைத் தட்டி எழுப்பிவிடுகிறது. எடுக்கப் போன இடத்திலும் அதன் ஓரத்திலும் முன்னைவிடத் தடிப்பாக முடி வரும். மருத்துவ ஏடுகளில் இது 2002 முதல் பதிவாகிவருகிறது. முகமும் கழுத்தும்தான் இதற்குப் பெயர்போன இடங்கள்; ஆண்களுக்குத் தோளும் மேல்கையும் சேரும். தெற்காசியர், மேற்காசியர் தோலில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. தாடி எல்லைக்கு மேலே கன்னத்தில் பூனைமுடி போல இருப்பதைச் சுத்தம் செய்யப் போய், கண்ணுக்குக் கீழ்வரை தாடியோடு திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சலூனில் கத்தியால் ஒரு வழி வழித்தால் போகிற விஷயம் அது.

கழுத்து வேறு கதை. காலர் உரசும் இடத்தில் சவரத்துக்குப் பிறகு முடி உள்நோக்கி வளைந்து குத்திக் கொப்புளம் வருகிறது என்றால், லேசரைப் போல நல்ல மருந்து இல்லை. அங்கே முடி தடிப்பாக இருக்கும், நன்றாகவே கேட்கும். ஆனால் தாடைக்குக் கீழே, தொண்டைப் பக்கத்து முடி முழுவதையும் எரித்துவிடுவதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். பின்மண்டை முடியிருப்பு எல்லையுள்ளது. வழுக்கை பெரிதாகி நடவுக்குப் போகிறவர்களுக்கு அந்த இருப்பு பல நேரம் போதாமல் போகும். அப்போது மருத்துவர்கள் கை வைக்கும் அடுத்த இருப்பு தாடைக்குக் கீழ் உள்ள தாடி முடி. தடிப்பானது, டிஹெச்டிக்கு அசையாதது, எடுத்த தழும்பும் வெளியே தெரியாது. 28 வயதிலேயே உச்சி தெரியத் தொடங்கிய உங்களுக்கு, 40 வயதில் அது தேவைப்படலாம். எரித்த மயிர்க்காலை யாராலும் நட முடியாது. ஆகவே காலர் உரசும் பட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேக்கேஜ் விற்பவர்கள் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு நீங்கள் வெறும் கழுத்து.

லேசர் தொப்பிக்கு வருகிறேன். உங்கள் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்: முடியை எரிக்கிற லேசர் எப்படி முடியை வளர்க்கும்? 1967இல் புடாபெஸ்ட்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் சுண்டெலிகளின் முதுகைச் சிரைத்து மெல்லிய ரூபி லேசரைப் பாய்ச்சினார். அவர் ஆராய்ந்தது வேறு எதையோ. ஆனால் லேசர் பட்ட எலிகளுக்கு முடி விரைவாக முளைத்தது. மேலே கன்னத்து முடி தட்டி எழுப்பப்படுகிறது என்று சொன்னேனே, அதற்கும் இது பங்காளிதான் என்று கருதுபவர்கள் உண்டு. முடி நீக்கும் லேசர் ஒரு கணத்தில் பாய்ச்சும் ஆற்றல் மயிர்க்காலை வேகவைக்கும் அளவு. தொப்பியில் உள்ள சிவப்பு டயோடு ஒவ்வொன்றும் வகுப்பறையில் சுட்டிக் காட்டும் லேசர் குச்சியின் வலிமைதான், 650 நானோமீட்டரை ஒட்டிய ஒளி, சூடே ஏறாது. அடுப்பு நெருப்பும் அடைகாக்கும் கோழியின் சூடும் இரண்டும் வெப்பம்தானே.

இப்படிப்பட்ட ஒரு லேசர் சீப்புக்கு 2007இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பயன் உண்டு, ஆனால் சுமார்தான். வாரத்தில் மூன்று நாள், விடாமல், மாதக்கணக்கில் போட வேண்டும். மெலிந்த முடியைக் கொஞ்சம் தடிக்க வைக்கும்; பளபளக்கும் இடத்தில் ஒன்றும் முளைக்காது. மருந்தோடு சேர்த்து வசதியுள்ளவர்கள் போட்டுக்கொள்ளலாம். கல்யாணச் செலவு இருக்கும் வீட்டில் அதற்கு முன்னுரிமை இல்லை.

அந்தப் பணத்தை இரண்டு மருந்துகளில் போடுங்கள் என்பேன். மினாக்சிடில் முதலில் இரத்தக் கொதிப்பு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி முளைத்தது; பக்கவிளைவையே மருந்தாக்கி 1988இல் தலையில் தடவும் திரவமாக அனுமதி வாங்கினார்கள். ஆண்களுக்கு 5% திரவம், உலர்ந்த தலையில், காலையும் மாலையும். முதல் ஓரிரு மாதங்களில் இன்னும் கொஞ்சம் கொட்டும். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது வருகிறது என்று பொருள். பாதிப்பேர் இந்தக் கட்டத்தில் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். வீட்டில் பூனை இருந்தால் அது உங்கள் தலையணையை நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூனைக்கு இது விஷம்.

மற்றது ஃபினாஸ்டிரைடு. டொமினிகன் குடியரசில் சில குடும்பங்களில், பெண் போலப் பிறந்து பருவத்தில் ஆணாக மாறும் பிள்ளைகள் இருந்தார்கள். ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற மருத்துவர் 1974இல் அதன் காரணத்தை வெளியிட்டார்: மேலே சொன்ன அந்த 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் அவர்களுக்குக் குறைவு. அந்த ஆண்களுக்குத் தாடி அடர்த்தியில்லை, புராஸ்டேட் சிறியது, நெற்றி ஏறவே இல்லை. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தாக ஃபினாஸ்டிரைடு உருவானது. 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம், 1997இல் வழுக்கைக்கு 1 மில்லிகிராம். தினம் ஒன்று சாப்பிட்டால் இரத்தத்தில் டிஹெச்டி ஏறத்தாழ 70% குறைகிறது. பெரும்பாலானவர்களுக்குக் கொட்டுவது நிற்கும், சிலருக்கு மெலிந்தது தடிக்கும். முற்றிலும் போன இடம் திரும்பாது. ஹாமில்டன் பார்த்தது அதுதான். நிறுத்தினால் ஓராண்டுக்குள் பழைய கணக்குக்குத் திரும்பிவிடும்.

கல்யாணம் வைத்திருக்கும் உங்களிடம் இதன் மறுபக்கத்தை மறைக்கக் கூடாது. நூற்றில் ஓரிருவருக்கு ஆர்வக் குறைவோ விறைப்புக் குறைவோ வருகிறது. பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகிறது. சிலர் தொடர்கிறது என்று புகார் சொல்கிறார்கள். மனச்சோர்வு பற்றியும், தற்கொலை எண்ணம் பற்றியும் எச்சரிக்கை இருக்கிறது. முன்பு மனச்சோர்வுக்கு மருந்து எடுத்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிலருக்கு விந்தணு எண்ணிக்கை குறையும், குழந்தைக்கு முயலும்போது அதையும் பேச வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடக் கூடாது, ஆண் சிசுவைப் பாதிக்கும். எனவே இதை மருந்துக் கடையில் நேராகப் போய் வாங்காதீர்கள். ஆரம்பிப்பதாக இருந்தால் இப்போதே ஆரம்பியுங்கள்; கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஆரம்பித்தால் முதலிரவுப் பதற்றத்துக்கெல்லாம் மாத்திரைமேல் பழி விழும்.

அதற்கு முன் ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். டெங்குவுக்குப் பிறகு இவற்றில் குறை இருந்தால் எந்த மருந்தும் முழுதாகப் பலிக்காது. முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு இரத்தம் கொடுங்கள்; அது தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டும். இதற்கிடையில் வட்டமாக, வழவழவென்று ஓரிடத்தில் மட்டும் முடி போனால் அது புழுவெட்டு. பெயரில்தான் புழு, நம் நோய் எதிர்ப்புச் செல்களே மயிர்க்காலைத் தாக்குவது அது. அதற்குச் சிகிச்சை வேறு.

நாள் கணக்குக்கு வருவோம். ஆனி முடிவதற்குள் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். கழுத்தில் நூல் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். முதலில் காலர் மறைக்கும் இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மட்டும் லேசர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் கறுக்கவில்லை என்றால் ஆடியில் முதல் சிட்டிங். ஐந்து வாரத்துக்கு ஒன்றாகப் போனால் கார்த்திகை கடைசிக்குள் ஐந்து முடியும். ஆறாவதைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை அழைப்பின்போது கழுத்தில் புதுச் சிவப்பு வேண்டாம். கருவியின் அலைநீளம் என்ன, அதை ஓட்டப்போவது யார், கண்ணுக்குக் கண்ணாடி தருவார்களா என்று கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். மச்சத்தின் மேலும் பச்சை குத்திய இடத்தின் மேலும் லேசர் படக் கூடாது. மரத்துப்போகும் களிம்பை வீட்டிலேயே முதுகு முழுக்கப் பூசி பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு போகும் வேலை மட்டும் வேண்டாம். அப்படிச் செய்த இரண்டு இளம்பெண்கள் அமெரிக்காவில் இறந்து, 2007இல் அரசு எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. மருந்து தோல் வழியாக இரத்தத்தில் ஏறி இதயத்தையும் மூளையையும் தாக்கிவிடும்.

முதுகு முடியைத் தை மாதத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு டிரிம்மர் போதும்.

மருத்துவரிடம் போகும்போது ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். அதில் 18, 19 வயதில் எடுத்த படம் இருந்தால் உங்கள் நெற்றி எங்கே இருந்தது, பத்து ஆண்டில் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று உருப்பெருக்கியை எடுப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.